மாலுமிகளின் உடல் இயலாமை இழப்பீடு: நிறுவன மருத்துவரின் சான்றே இறுதியானதா? - ஒரு விளக்கம்

புது தில்லி: சரக்குக் கப்பலின் எந்திர அறையில் பணிபுரியும் மாலுமி ஒருவர், எண்ணெய் படிந்த இரும்பு ஏணியில் வழுக்கி விழுகிறார். முதுகெலும்பில் பலத்த அடி. அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டு, விமானம் மூலம் தாயகம் அனுப்பப்படுகிறார். நான்கு மாதச் சிகிச்சைக்குப் பின்னர், கப்பல் நிறுவனம் நியமித்த மருத்துவர் அவரைப் 'பணிக்குத் தகுதியானவர்' எனச் சான்றளிக்கிறார். மாலுமி தாமாகச் சென்று பார்த்த மருத்துவரோ, 'கடற்பணிக்கு இனி நிரந்தரமாகத் தகுதியற்றவர்' என்கிறார்.

முதல் சான்று ஏற்கப்பட்டால் இழப்பீடு ஏதுமில்லை. இரண்டாவது சான்று ஏற்கப்பட்டால் முழு இழப்பீடு கிடைக்கும். ஒரே உடல், ஒரே காயம். ஆனால் இரு தாள்களுக்கு இடையே ஒரு குடும்பத்தின் எதிர்காலம் சிக்கிக்கொள்கிறது.

இது விளக்கத்துக்காகக் கூறப்பட்ட எடுத்துக்காட்டுதான். எனினும், கடல்சார் தொழிலாளர் நாடுகளின் தீர்ப்பாயங்களுக்கு வரும் இழப்பீட்டு வழக்குகள் பலவற்றின் சாரம் இதுவே. இத்தகைய வழக்குகளில் மாலுமி தோற்பதற்குக் காரணம் எப்போதும் அவரது காயம் சிறியது என்பதல்ல. எந்த நாளுக்குள் யாரிடம் செல்ல வேண்டும், எதனை எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்பதை அறியாததும் காரணமாகிறது.

சர்வதேசக் கப்பல் வர்த்தக அமைப்பும் பிம்கோ அமைப்பும் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலக வணிகக் கப்பல்களில் சுமார் 18.9 லட்சம் மாலுமிகள் பணியாற்றுகின்றனர். அவர்களை அதிக எண்ணிக்கையில் அனுப்பும் ஐந்து நாடுகள் பிலிப்பைன்ஸ், ரஷியா, இந்தோனேசியா, சீனா, இந்தியா ஆகியவை. இவற்றுள், மருத்துவ மதிப்பீடு தொடர்பான சட்ட விதிகள் மிக விரிவாக உருவாகியுள்ள நாடு பிலிப்பைன்ஸ். எனவே முதலில் சர்வதேச விதிகளையும், அடுத்து பிலிப்பைன்ஸ் அனுபவத்தையும், இறுதியாக இந்திய நிலையையும் இந்த விளக்கம் தொகுத்துத் தருகிறது.

சர்வதேச விதி என்ன?

மாலுமிகளின் உரிமைகளுக்கு அடிப்படையாக விளங்குவது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா இதனை 2015 அக்டோபரில் ஏற்பளித்தது. ஓராண்டுக்குப் பின், 2016 அக்டோபரில், இந்தியாவைப் பொருத்தவரை அது நடைமுறைக்கு வந்தது.

இந்த உடன்படிக்கையின்படி, பணிக்காலத்தில் ஏற்படும் நோய்க்கும் காயத்துக்குமான மருத்துவச் செலவைக் கப்பல் உரிமையாளரே ஏற்க வேண்டும். மாலுமி குணமடையும் வரை அல்லது அவரது இயலாமை நிரந்தரமானது என அறிவிக்கப்படும் வரை இந்தப் பொறுப்பு தொடரும். கப்பலில் இருக்கும் வரை முழு ஊதியமும், தாயகம் திரும்பிய பின் நாட்டுச் சட்டம் அல்லது கூட்டு ஒப்பந்தம் கூறும் அளவிலான ஊதியமும் வழங்கப்பட வேண்டும். இந்தப் பொறுப்புக்குக் கால வரம்பு நிர்ணயிக்க நாடுகளுக்கு அனுமதி உண்டு. எனினும் அந்த வரம்பு, காயமடைந்த அல்லது நோய் தொடங்கிய நாளிலிருந்து 16 வாரங்களுக்குக் குறையக் கூடாது.

இந்த உடன்படிக்கையில் 2014-இல் செய்யப்பட்டு, 2017 ஜனவரி 18 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் முக்கியமானவை. பணியால் நேரும் மரணம், நீண்டகால இயலாமை ஆகியவற்றுக்கான இழப்பீட்டை வழங்க, கப்பல் உரிமையாளர் நிதி உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கான சான்றிதழ், மாலுமிகள் பார்க்கும் இடத்தில் கப்பலிலேயே ஒட்டப்பட வேண்டும். ஒப்பந்தப்படி உரிய தொகையை முழுமையாகவும் தாமதமின்றியும் வழங்க வேண்டும். குறைந்த தொகையை ஏற்குமாறு மாலுமியை வற்புறுத்தக் கூடாது. இயலாமையின் அளவை உடனடியாகக் கணிக்க முடியாத நிலையில், மாலுமி வறுமையில் வாடாதிருக்க இடைக்காலத் தொகை வழங்க வேண்டும்.

அதே வேளையில், உரிமையாளருக்கு மூன்று விலக்குகளை நாடுகள் அளிக்கலாம். கப்பல் பணிக்குத் தொடர்பில்லாத காயம், மாலுமியின் வேண்டுமென்றே செய்த தவறால் நேர்ந்த பாதிப்பு, பணியில் சேரும்போது மறைக்கப்பட்ட நோய் ஆகியவையே அவை.

ஆக, இழப்பீடு உண்டு என்பதை உடன்படிக்கை உறுதி செய்கிறது. ஆனால் எவ்வளவு, அதனை எந்த மருத்துவர் தீர்மானிப்பார் என்ற கேள்விகளை நாட்டுச் சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் விட்டுவிடுகிறது. தகராறு தொடங்கும் இடம் அதுவே.

பிலிப்பைன்ஸ் ஒப்பந்தம்: 14 நிலைகள்

வெளிநாட்டுக் கப்பல்களில் பணியாற்றச் செல்லும் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் அனைவருக்கும், அரசு வகுத்த மாதிரிப் பணி ஒப்பந்தம் பொருந்தும். அதன் தற்போதைய வடிவம் 2010-இல் திருத்தப்பட்டது. தனியார் நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாக வழங்கலாம், குறைக்க முடியாது.

இந்த ஒப்பந்தம் உடல் இயலாமையை 14 நிலைகளாகப் பிரிக்கிறது. அடிப்படைத் தொகை 50,000 அமெரிக்க டாலர். முதல் நிலை, அதாவது முழு நிரந்தர இயலாமை என முடிவு செய்யப்பட்டால், அதில் 120 விழுக்காடு, அதாவது 60,000 டாலர் வழங்கப்படும். பதினான்காம் நிலைக்கு 3.74 விழுக்காடு, அதாவது 1,870 டாலர் மட்டுமே. பத்தாம் நிலைக்கு 10,075 டாலர்.

ஒரே முதுகுவலியை ஒரு மருத்துவர் பதினான்காம் நிலை என்றும் மற்றொருவர் முதல் நிலை என்றும் மதிப்பிட்டால், வேறுபாடு 58 ஆயிரம் டாலரைத் தாண்டும். மருத்துவ மதிப்பீடு இவ்வளவு கடுமையாக எதிர்க்கப்படுவதன் காரணம் இந்தக் கணக்கிலேயே உள்ளது.

மூன்று நாள், 120 நாள், 240 நாள்

பிலிப்பைன்ஸ் முறையில் மூன்று காலக்கெடுக்கள் உள்ளன.

முதலாவது, மூன்று நாள் விதி. மருத்துவக் காரணத்துக்காகத் தாயகம் திரும்பும் மாலுமி, மூன்று வேலை நாள்களுக்குள் நிறுவனம் நியமித்த மருத்துவரிடம் சோதனைக்குச் செல்ல வேண்டும். உடல்நிலை காரணமாகச் செல்ல இயலாவிட்டால், அதே காலத்துக்குள் எழுத்து மூலம் தகவல் தெரிவிக்க வேண்டும். தவறினால் இழப்பீடு கோரும் உரிமையையே இழக்க நேரிடும். 'ஊருக்குச் சென்று குடும்பத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் வருகிறேன்' என்று எண்ணுபவருக்கு இந்த விதி பெரும் இடராக அமையும்.

இரண்டாவது, 120 நாள் விதி. நிறுவன மருத்துவர் இந்தக் காலத்துக்குள் இறுதி மதிப்பீட்டை வழங்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் மாலுமிக்கு அடிப்படை ஊதியத்துக்கு இணையான நோய்க்கால உதவித்தொகை, அதிகபட்சம் 120 நாள்கள் வரை வழங்கப்படும். 120 நாள்களுக்கு மேல் பணிக்குத் திரும்ப முடியாத மாலுமியை முழு நிரந்தர இயலாமை அடைந்தவராகக் கருத வேண்டும் என அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. உடல் உறுப்பு எதையும் இழந்திருக்க வேண்டியதில்லை. தாம் பழகிய தொழிலில் ஊதியம் ஈட்ட முடியாமை என்பதே அளவுகோல் என்றும் அது விளக்கியது.

மூன்றாவது, 240 நாள் விதி. மேலும் சிகிச்சை தேவைப்பட்டால் காலக்கெடுவை 240 நாள்கள் வரை நீட்டிக்கலாம் என 2008-இல் அதே நீதிமன்றம் கூறியது. இதன் விளைவாக, 120 நாள் கடந்தவுடன் முழு இழப்பீடு என்ற நிலை மாறியது. நீட்டிப்புக்கு நியாயமான காரணம் இருந்ததை நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும் என 2015-இல் வந்த தீர்ப்பு தெளிவுபடுத்தியது. காரணம் காட்டாமல் 120 நாள்களையோ, காரணம் காட்டியும் 240 நாள்களையோ மருத்துவர் கடந்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் அந்த இயலாமை முழுமையானதும் நிரந்தரமானதும் ஆகிவிடும்.

இறுதி மதிப்பீடு என்ற சொல்லுக்கும் நீதிமன்றம் பொருள் வரையறுத்துள்ளது. 'இப்போதைக்குப் பத்தாம் நிலை. மேலும் சிகிச்சை தேவை' என்பது இறுதி மதிப்பீடு ஆகாது. மருத்துவரின் முடிவு ஐயத்துக்கு இடமற்றதாகவும் முழுமையானதாகவும் இருக்க வேண்டும். அது கோப்பில் கிடந்தால் போதாது. மாலுமியிடம் முறையாகச் சேர்க்கப்பட வேண்டும் என்றும் 2018-இல் வழங்கப்பட்ட தீர்ப்பு கூறுகிறது.

மூன்றாவது மருத்துவர் யார்?

நிறுவன மருத்துவரின் முடிவை ஏற்காத மாலுமி, தாம் விரும்பும் மருத்துவரிடம் இரண்டாவது கருத்தைப் பெறலாம். இரு கருத்துகளும் முரண்பட்டால், நிறுவனமும் மாலுமியும் இணைந்து மூன்றாவது மருத்துவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரது முடிவே இறுதியானது. இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

ஒப்பந்தத்தில் 'தேர்ந்தெடுக்கலாம்' என்றே எழுதப்பட்டிருந்தாலும், இது தவிர்க்க முடியாத நடைமுறை என்று நீதிமன்றங்கள் விளக்கமளித்தன. மூன்றாவது மருத்துவரைக் கோராமல் நேரடியாக வழக்குத் தொடுத்த மாலுமிகளின் கோரிக்கைகள் தள்ளுபடியாயின. அத்தகைய நிலையில் நிறுவன மருத்துவரின் சான்றே மேலோங்கும் என 2013-இல் தீர்ப்பளிக்கப்பட்டது. மாலுமியைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்தவர் நிறுவன மருத்துவர், ஒரே நாள் பார்த்துச் சான்றளித்தவர் மற்றவர் என்ற வாதமும் பல வழக்குகளில் ஏற்கப்பட்டது.

ஆனால் மாலுமி கேட்டும் நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு 2023 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் உச்சநீதிமன்றம் விரிவான வழிகாட்டுதல்களை வகுத்தது. மாலுமி தமது மருத்துவரின் அறிக்கையுடன் எழுத்து மூலம் கோரிக்கை விடுக்க வேண்டும். நிறுவனம் 10 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். நிறுவனம் மறுத்தாலோ மௌனம் காத்தாலோ, அதன் மருத்துவரின் சான்று தானாகவே மேலோங்கிவிடாது. வழக்கு தொடுக்கப்பட்ட பின்னரும் மூன்றாவது மருத்துவரிடம் செல்லத் தொழிலாளர் நடுவர் உத்தரவிடலாம். அது நடைபெறாவிட்டால் இரு அறிக்கைகளையும் அவற்றின் தகுதியின் அடிப்படையில் எடைபோடலாம்.

'பணியால் வந்த நோயா?'

கை முறிந்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். இதயநோய், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், முதுகெலும்புத் தேய்மானம் போன்றவற்றில் நிலைமை அவ்வாறில்லை. எனவே, 'இந்த நோய் கப்பல் பணியால் வந்ததன்று. முன்பே இருந்தது' என்பது நிறுவனங்கள் அடிக்கடி முன்வைக்கும் மறுப்பாகும்.

பிலிப்பைன்ஸ் ஒப்பந்தத்தில் பணிசார் நோய்களின் பட்டியல் ஒன்று உள்ளது. பட்டியலில் இல்லாத நோயும், எதிர்த்தரப்பு மறுத்து மெய்ப்பிக்கும் வரை, பணியோடு தொடர்புடையதாகவே ஊகிக்கப்படும். பணியில் சேரும்போதே உயர் ரத்த அழுத்தம் அல்லது நீரிழிவு இருப்பது தெரிந்திருந்தால், மாலுமி மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டதையும் மருத்துவர் கூறிய வாழ்க்கைமுறையைக் கடைப்பிடித்ததையும் காட்ட வேண்டும்.

நோயை அறிந்தே மறைத்தவருக்கு இழப்பீடு இல்லை. வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சத்தில், பணிக்கு முந்தைய மருத்துவச் சோதனைப் படிவத்தில் மருந்து உட்கொள்வதைக் குறிப்பிடாமல் விடும் மாலுமி, பின்னாளில் அதே படிவத்தால் உரிமையை இழக்கக்கூடும்.

மறுபுறம், 'சோதனையில் தேறியவர்தானே. எனவே நோய் கப்பலில்தான் வந்தது' என்ற மாலுமியின் வாதமும் தானாக வென்றுவிடாது. பணிக்கு முந்தைய சோதனை, உடலை முழுமையாக ஆராய்வதற்கானது அன்று என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. எனவே கப்பலில் மேற்கொண்ட பணியின் தன்மை, சுமை, வெப்பம், உணவு, ஓய்வு நேரம் ஆகியவற்றை மாலுமி ஆவணங்களால் விளக்க வேண்டியுள்ளது.

நிறுவனங்களின் வாதம், புதிய சட்டம்

கப்பல் நிறுவனங்களுக்கும் அவர்களின் காப்பீட்டாளர்களுக்கும் வேறு கவலை உண்டு. மாலுமிகளுக்கான இழப்பீட்டை நடைமுறையில் ஏற்பவை, 'பி அண்ட் ஐ கிளப்' எனப்படும் கப்பல் உரிமையாளர்களின் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கங்கள். உலகக் கடற்பயணக் கப்பல் கொள்ளளவில் சுமார் 90 விழுக்காடு, இவற்றின் சர்வதேசக் குழுமத்தில் இடம்பெற்ற 12 சங்கங்களின் காப்பீட்டில் உள்ளது.

சிறு காயத்துக்கும் முழு இழப்பீடு கோர மாலுமிகளைத் தூண்டும் இடைத்தரகர்களும் வழக்குரைஞர்களும் பெருகிவிட்டதாக நிறுவனங்கள் குற்றம்சாட்டி வந்தன. இதனைக் கட்டுப்படுத்த 2015-இல் பிலிப்பைன்ஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, மாலுமிக்குக் கிடைக்கும் இழப்பீட்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் வழக்குரைஞர் கட்டணம் பெற முடியாது.

மற்றொரு குறை, தீர்ப்பாயம் வழங்கும் தொகை மேல்முறையீடு முடியும் முன்பே மாலுமியிடம் சேர்ந்துவிடுவதைப் பற்றியது. உயர் நீதிமன்றங்கள் பின்னர் தீர்ப்பை மாற்றினாலும் பணத்தைத் திரும்பப் பெற முடிவதில்லை என்று நிறுவனங்கள் கூறின. 2024 செப்டம்பர் 23 அன்று அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் கையெழுத்திட்ட மாலுமிகள் உரிமைச் சட்டத்தில், சர்ச்சைக்குரிய தொகையை மேல்முறையீட்டுக் காலத்தில் பெற விரும்பும் மாலுமி பிணை வழங்க வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. வேலையின்றி நோயுடன் இருப்பவர் பிணைக்கு எங்கே செல்வார் என்று மாலுமி அமைப்புகள் இதனை எதிர்த்தன.

இரு தரப்பிலும் நியாயம் உள்ளது என்பதே இந்தத் தகராறின் கடினம். பொய்க் கோரிக்கையைத் தடுக்கப் போடப்படும் ஒவ்வொரு வேலியும், உண்மையாகவே பாதிக்கப்பட்டவருக்கும் ஒரு வேலியாகிறது.

இந்தியாவில் நிலை என்ன?

உலக மாலுமிகளில் சுமார் 12 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்று மத்திய அரசு தெரிவித்து வருகிறது. இந்திய மாலுமிகள் தொடர்பான நிர்வாகத்தை, மும்பையில் தலைமையகம் கொண்ட கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் கவனிக்கிறது. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கு மாற்றாக, வணிகக் கப்பல் சட்டம் 2025-ஐ நாடாளுமன்றம் நிறைவேற்றியுள்ளது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையைச் செயல்படுத்த 2016-இல் தனி விதிகளும் வகுக்கப்பட்டன.

இழப்பீட்டைப் பொருத்தவரை இந்திய மாலுமிக்கு இரு வழிகள் உள்ளன.

ஒன்று, பணி ஒப்பந்தமும் கூட்டு ஒப்பந்தமும். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு அங்கீகரித்த கூட்டு ஒப்பந்தங்களில், நிறுவனமும் தொழிற்சங்கமும் இணைந்து நியமிக்கும் மருத்துவர் இயலாமை விழுக்காட்டை நிர்ணயிப்பார். மாலுமியின் மருத்துவர் மாறுபட்டால், நிறுவனமும் சங்கமும் இணைந்து மூன்றாவது மருத்துவரை நியமிக்கலாம். இயலாமை 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால், மாலுமி கடற்பணிக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவராகக் கருதப்பட்டு முழு இழப்பீடு பெறுவார். 50 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தும், எந்தப் பதவியிலும் கடற்பணி செய்யத் தகுதியற்றவர் என நிறுவன மருத்துவரே சான்றளித்தால், அப்போதும் முழுத் தொகை உண்டு.

மற்றொன்று, ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கப்பல் தலைவர்களுக்கும் மாலுமிகளுக்கும் தனிப்பிரிவு உண்டு. காயமடைந்த மாலுமி, கப்பல் தலைவரையே முதலாளியாகக் கருதி அறிவிப்பு அளிக்கலாம். விபத்தும் இயலாமையும் கப்பலிலேயே நேர்ந்திருந்தால் தனி அறிவிப்பு தேவையில்லை. பொதுவாக, விபத்து நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை தாக்கல் செய்யப்பட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, இந்தப் பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டுள்ளது.

ஆனால் தொகை பெரிதும் மாறுபடுகிறது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முழு நிரந்தர இயலாமைக்கு மாத ஊதியத்தில் 60 விழுக்காட்டை வயதுக்கேற்ற காரணியால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்பட்டது. கணக்குக்கான ஊதிய உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 40 வயதினருக்கான காரணி 184.17. இதன்படி 40 வயது மாலுமிக்குக் கிடைக்கக்கூடிய தொகை 16,57,530 ரூபாய். அவர் உண்மையில் மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றிருந்தாலும் கணக்கில் வருவது 15,000 ரூபாயே. இதே நிலையில் உள்ள பிலிப்பைன்ஸ் மாலுமிக்கு மாதிரி ஒப்பந்தப்படி கிடைக்கும் 60,000 டாலர், இந்திய மதிப்பில் 50 லட்சம் ரூபாயைத் தாண்டும். எனவே, எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறோம் என்பதே இந்திய மாலுமிக்குப் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது.

விபத்தா, நோயா? - 2014 தீர்ப்பு

பொதுத்துறை நிறுவனமான இந்தியக் கப்பல் கழகத்தில் பணியாற்றிய பீகார் மாநில மாலுமி ஒருவரின் வழக்கு, இந்தியாவில் இந்தச் சிக்கலின் தன்மையைக் காட்டுகிறது. இதயத்தசை விரிவடையும் நோய் காரணமாக, 2011-இல் அவர் கடற்பணிக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர் என அறிவிக்கப்பட்டார். மாலுமி என்ற அவரது பதிவும் ரத்து செய்யப்பட்டது. அவர் இயலாமை இழப்பீடு கோரினார். விபத்தால் நேர்ந்த இயலாமைக்கே முழு இழப்பீடு உண்டு. நோயால் தகுதி இழந்தவருக்குப் பணிவிலகல் இழப்பீடாக 2,75,000 ரூபாய் மட்டுமே என்று நிறுவனம் பதிலளித்தது.

சொந்த ஊர் திரும்பிய அவர், பாட்னா உயர்நீதிமன்றத்தை அணுகினார். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருப்பதால், வழக்கை விசாரிக்கத் தனக்கு எல்லை அதிகாரம் இல்லை என்று உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. நோயுற்று வருமானம் இழந்தவர் மும்பை வரை சென்று வழக்காட வேண்டிய நிலை.

2014 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மாலுமி சொந்த ஊரிலிருந்தே கோரிக்கைக் கடிதங்களை அனுப்பினார். நிறுவனத்தின் பதில்களும் அங்கேயே அவருக்குக் கிடைத்தன. எனவே வழக்குக்கான காரணத்தின் ஒரு பகுதி பாட்னா உயர்நீதிமன்ற எல்லைக்குள் எழுந்துள்ளது என்று அது கூறியது. வழக்கின் முடிவுக்கு உட்பட்டு, 2,75,000 ரூபாயை அவருக்கு வழங்கவும் இடைக்காலமாக வழிவகை செய்யப்பட்டது.

இழப்பீட்டின் அளவைத் தீர்மானித்த தீர்ப்பாக இது அமையவில்லை. ஆயினும், கடலில் பணியாற்றி ஊர் திரும்பியவர் தம் வாழிடத்துக்கு அருகிலேயே நீதி கேட்க முடியும் என்ற வழியை அது திறந்தது. தமிழகம் உள்ளிட்ட பிற மாநிலங்களின் மாலுமிகளும், இதேபோன்ற சூழலில், இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்ட இயலும். தாம் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனு அளிக்கும் வசதி ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இருந்தது.

விழுக்காடா, தொழிலா?

மருத்துவர் எழுதும் விழுக்காடு உடலைப் பற்றியது. நீதிமன்றம் பார்க்க வேண்டியதோ, அந்த உடலால் இனி எந்தத் தொழிலைச் செய்ய முடியும் என்பதை. இந்த வேறுபாட்டை இந்திய உச்சநீதிமன்றம் நீண்ட காலமாகவே வலியுறுத்தி வருகிறது.

1976-இல் தீர்ப்பளிக்கப்பட்ட வழக்கில், தச்சர் ஒருவரின் இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டிருந்தது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், அவரது இயலாமை முழுமையானதே என்று நீதிமன்றம் ஏற்றது. வாகன விபத்து தொடர்பான வழக்கில் 2010-இல் வெளியான தீர்ப்பு இதனை மேலும் விளக்கியது. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால், அவர் வருவாய் ஈட்டும் திறனை ஏறத்தாழ முழுமையாக இழக்கிறார். அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையை இழக்காமலே போகலாம். எனவே மருத்துவ விழுக்காட்டை அப்படியே வருவாய் இழப்பாகக் கொள்ளக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு கூறுகிறது.

இவை மாலுமிகளின் வழக்குகள் அல்ல. ஆனால், 'பழகிய தொழிலில் ஊதியம் ஈட்ட முடியாமை' என்ற பிலிப்பைன்ஸ் அளவுகோலும் இதே கருத்தையே கூறுகிறது. ஆடும் கப்பலில் செங்குத்தான ஏணி ஏறவும், கனத்த கயிற்றை இழுக்கவும், கரையிலிருந்து பல நாள் தொலைவில் மருத்துவமனையின்றி இருக்கவும் இயலாத ஒருவருக்கு, '20 விழுக்காடு இயலாமை' என்ற சான்று அவரது உண்மை நிலையைக் கூறாது. கரையில் நடமாடத் தகுதி என்பது வேறு. கடற்பணிக்குத் தகுதி என்பது வேறு.

மாலுமிகள் கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட விதிகளிலிருந்தும் தீர்ப்புகளிலிருந்தும் பெறத்தக்க நடைமுறைக் குறிப்புகள் வருமாறு:

* காயம் அல்லது நோய்க்குறி தோன்றியவுடன் கப்பல் தலைவரிடம் தெரிவித்து, அது பதிவு செய்யப்பட்டதை உறுதி செய்து நகல் பெற வேண்டும். ஒப்பந்தம் முடிந்து சாதாரணமாக இறங்கியவர் பின்னர் நோயைக் கூறினால் மெய்ப்பிப்பது கடினம்.

* பணிக்கு முந்தைய சோதனையில் பழைய நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் மறைக்கக் கூடாது.

* தாயகம் திரும்பியதும், ஒப்பந்தம் கூறும் நாளுக்குள் நிறுவன மருத்துவரிடம் செல்ல வேண்டும். சென்றதற்கான சான்றை வைத்திருக்க வேண்டும்.

* இரண்டாவது மருத்துவரின் அறிக்கை ஒரே வரியில் அமையக் கூடாது. செய்யப்பட்ட சோதனைகள், மாலுமியின் பணித்தன்மை, இனி ஏன் அப்பணியைச் செய்ய முடியாது என்ற விளக்கம் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

* முரண்பாடு எழுந்தால், அந்த அறிக்கையை இணைத்து, மூன்றாவது மருத்துவரை நியமிக்குமாறு எழுத்து மூலம் கோர வேண்டும். தொலைபேசியில் கேட்டது சான்றாகாது.

* 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று எழுதப்பட்ட தாளில், அதன் பொருளை அறியாமல் கையெழுத்திடக் கூடாது. இடைக்காலத் தொகையைப் பெறுவது, மீதித் தொகையைக் கோரும் உரிமையைப் பறிக்காது.

* ஒப்பந்தத்தில் இயலாமை என்பது விபத்தை மட்டும் குறிக்கிறதா, நோயையும் உள்ளடக்குகிறதா என்பதைக் கப்பல் ஏறும் முன்பே படித்தறிய வேண்டும்.

நிறுவன மருத்துவரின் சான்றே இறுதியானதா என்ற கேள்விக்குச் சட்டம் தரும் விடை, 'இல்லை' என்பதே. ஆனால் அதனை எதிர்க்கும் உரிமை, உரிய நாளில் உரிய முறையில் பயன்படுத்தப்பட்டால் மட்டுமே உயிர்பெறும். உரிய நேரத்தில் எழுதப்படாத ஒரு கடிதத்தால் அந்த உரிமையை இழந்தவர்களும் உண்டு.